எழுபத்தேழரை மூலிகை

எங்கள் பக்கத்து வீட்டு வெலிகாவிடம் இருமலுக்கு ஒரு பிடி காட்டு ஓமம் வாங்குவதற்குள் பாஸ்போர்ட்டே வாங்கிவிடலாம். வயதைக் கேட்பாள். ரத்த அழுத்தம் உண்டா என்பாள். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், அட்டையைக் காட்டு என்பாள். பெண்ணாக இருந்தால், எண்பது வயதுக் கிழவியே ஆனாலும், கர்ப்பமா என்று கேட்பாள். இல்லை என்பதை வாயால் சொல்ல வேண்டும், தலையை ஆட்டினால் செல்லாது. எல்லாவற்றையும் கோடு போட்ட ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, பத்துப் பேரில் நாலு பேரை வெறுங்கையோடு அனுப்பிவிடுவாள். சனிக்கிழமைச் சந்தைக்கு வந்து உட்கார்ந்து வாடிக்கைக்காரர்களை விரட்டுகிற வியாபாரி, பல்கேரியா முழுக்க இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

போன வருடம் ஜூன் மாதம் வரைக்கும் இவள் இப்படி இல்லை. யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். மூஞ்சியைப் பார்ப்பாள், பொட்டலத்தை நீட்டுவாள், அவ்வளவுதான்.

வெலிகா பதினெட்டு வயதில் அரசாங்கத்தின் மூலிகைக் கொள்முதல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தவள். மலைக் கிராமத்துப் பெண்கள் மூட்டை மூட்டையாகக் காய்ந்த செடிகளைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். இவள் தரம் பிரிப்பாள். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, "அடியில வைக்கோல் இருக்கு, எடுத்துட்டு வா" என்பாள். வைக்கோல் இருக்கும். ஒருதரமும் தப்பியதில்லை. அந்தக் கிடங்கை மூடி இருபத்தைந்து வருடம் ஆகப் போகிறது, மூக்கை மூட முடியவில்லை. வீட்டுப் பரணில் சொந்தமாகக் காய வைத்து, சந்தையில் மேசை போட்டுவிட்டாள். வயிற்றுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, சிறுநீரகக் கல்லுக்கு ஒன்று என்று பொட்டலங்கள். எல்லாவற்றையும்விட அதிகமாகப் போனது ஊதா மையில் 'பெண்களுக்கு' என்று எழுதிய பழுப்புப் பொட்டலம்.

நான் ரூஸ்கா. மாவட்ட மருத்துவமனையில் முப்பத்தாறு வருடமாகப் பிரசவம் பார்க்கிற நர்ஸ். இந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பாதிப் பேரை வெளியே எடுத்த கை இது. எனக்குப் பிள்ளை இல்லை. வெலிகாவின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரவேலி. அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் சண்டை போடாத வாரம் கிடையாது.

"மாசாமாசம் வராதவளுக்கும் இதான், வந்து நிக்காதவளுக்கும் இதான். பிள்ளை உண்டாகலைன்னாலும் இதான். எப்படிடி ஒரே பொட்டலம் எல்லாப் பக்கமும் வேலை செய்யும்?" என்று கேட்பேன்.

"எந்தப் பக்கம் போகணும்னு மூலிகைக்குத் தெரியும்."

"அதுக்குக் கண்ணு இருக்கா?"

"உனக்கு இருக்கு. என்ன பிரயோஜனம்?"

இதற்குமேல் அவளோடு பேச முடியாது. செடியில் கெடுதல் இருக்கும் என்று சொன்னால், ஆடு தின்கிறதே என்பாள். ஆட்டுக்கு மாதவிலக்கு உண்டா என்று கேட்டால், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாயங்காலம் வேலிக்கு மேலே ஒரு தட்டு சீஸ் பணியாரம் வரும். நானும் தின்பேன். ஒரே பொட்டலம் இரண்டு பக்கமும் எப்படி வேலை செய்யும் என்று நான் வருடக்கணக்காகக் கேட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை நான் அவளிடம் சொன்னதில்லை.

அந்தப் பொட்டலத்துக்கான செடிகளை அவள் வருடத்தில் ஒரே நாள்தான் பறிப்பாள். ஜூன் இருபத்து நான்கு, என்யோவ் நாள். அன்று சூரியன் கிளம்புமுன் பறித்த செடிக்குத்தான் வீரியம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. உலகத்தில் நோய்கள் எழுபத்தேழரை, ஆகவே மூலிகையும் எழுபத்தேழரை. எழுபத்தேழுக்கும் பெயர் இருக்கிறது. மிச்சமிருக்கிற அரை, பெயரே இல்லாத நோய்க்கு. அந்த அரையை வெலிகா கண்ணை மூடிக்கொண்டு பறிப்பாள். கை எதன்மேல் விழுகிறதோ அதுதான் அந்த வருடத்து அரை. அதைச் சிவப்பு நூலால் கட்டி மற்றவற்றோடு சேர்ப்பாள். பொடி செய்தபின் எது ஒன்று, எது அரை என்று அவளுக்கே தெரியாது. அடையாளத்துக்கு மட்டும் ஒரு கொத்தைப் பொடி செய்யாமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பாள்.

அவளுக்கு ஒரே மகன், ஸ்டாமென். ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறான். அவன் மனைவி நெவேனா, பாலர் பள்ளியில் டீச்சர். நல்ல பெண். நல்ல பெண் என்றால், எதிரே வருகிறவன் இவள் காலை மிதித்தாலும் இவளே மன்னிப்புக் கேட்பாள். எழுபத்தெட்டாவது நோய் என்று ஒன்றைச் சேர்த்தால் அது நெவேனாவின் மரியாதைதான். கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. வெலிகா மருமகளை ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் வருடாவருடம் என்யோவ் நாளிலிருந்து ஒன்பது காலை, ஒன்பது குவளை. வெறும் வயிற்றில், சர்க்கரை இல்லாமல். அந்தக் குவளையை மாமியார் கையிலிருந்து வாங்காமல் இருக்க எந்த மருமகளாலும் முடியாது. எங்கள் ஊரில் அது வழக்கமில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. வயிற்றில் பிள்ளை தங்கினால் மூன்று மாதம் முடிகிறவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. கண் பட்டுவிடும். புருஷனுக்குச் சொல்லலாம். மாமியாருக்குக் கூடாது, அவள் நல்லவளாக இருந்தாலும். சந்தோஷத்தில் பார்க்கிற கண்ணும் கண்தானே.

போன வருடம் என்யோவ் நாளன்று நெவேனாவுக்கு ஏழாவது வாரம். தெரிந்தவன் ஸ்டாமென் ஒருவன்தான். அவனும் ஹாம்பர்க் பக்கம் எங்கோ நெடுஞ்சாலையில் இருந்தான். வெலிகா பிள்ளை உண்டாக வேண்டும் என்று கொடுத்த குவளையை, பிள்ளை உண்டாகியிருந்த பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு வழக்கம் சொல்லாதே என்றது, இன்னொரு வழக்கம் மறுக்காதே என்றது. அவள் இரண்டுக்கும் கட்டுப்பட்டாள்.

ஒன்பதாவது நாள் காலையில் வெலிகா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். எனக்கு அன்று விடுமுறை. தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

"ரூஸ்கா, உன் காரு ஓடுதா?"

"ஏன், எங்க போகணும்?"

"நெவேனாவுக்கு ரத்தம் போகுது."

"மாசம் வந்திருக்கும்."

"இல்லடி. அழறா. அவ அழுது நான் பாத்ததே இல்ல."

என்னுடைய பழைய ஓப்பல் கிளம்ப இரண்டு தடவை தள்ள வேண்டியிருந்தது. நெவேனா பின் சீட்டில் படுத்திருந்தாள். அவள் தலை வெலிகாவின் மடியில். ஊர் எல்லையைத் தாண்டும்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"அம்மா, எனக்கு எட்டாவது வாரம். மன்னிச்சிடுங்க."

கண்ணாடியில் வெலிகாவின் முகத்தைப் பார்த்தேன். மருமகளின் நெற்றிமேல் வைத்திருந்த கையை எடுத்துத் தன் மூக்கருகே கொண்டுபோய் ஒருதரம் முகர்ந்தாள், பிறகு மறுபடி நெற்றிமேல் வைத்தாள்.

டாக்டர் மின்கோவ் சின்ன வயதுக்காரர், பதறாத மனிதர். ஸ்கேன் பார்த்தார். "துடிக்குது. ஆனா நிக்குமான்னு இப்பச் சொல்ல முடியாது. அசையாம படுத்திருக்கட்டும்" என்றார். பிறகு நெவேனாவிடம் கேட்டார்: "ஏதாவது மாத்திரை, மருந்து, கஷாயம், எதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றாள் நெவேனா. அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் ஆறேழு பெண்கள். அதில் நாலு பேர் சனிக்கிழமைதோறும் வெலிகாவின் மேசைக்கு வருகிறவர்கள். ஒருத்தி கைப்பையிலிருந்து பழுப்புப் பொட்டலத்தின் முனை தெரிந்ததை நானே பார்த்தேன். வெலிகா அந்தப் பெண்களைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மருமகள் காட்டிக்கொடுக்க மாட்டாள். எனக்கு அவள்மேல் எத்தனையோ கோபம் உண்டு. ஆனாலும் அந்த நிமிஷம், பேசிவிடுடி என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"குடிச்சா. நான் குடுத்தேன். ஒம்பது நாளா" என்றாள் வெலிகா, பெஞ்சு வரை கேட்கிற குரலில்.

"என்ன குடுத்தீங்க, வெலிகாம்மா?"

"எழுபத்தேழரை."

டாக்டர் பேனாவை எடுத்தார். "சொல்லுங்க."

அவள் சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளை பாட்டு ஒப்பிப்பதுபோல வரிசை தவறாமல் சொன்னாள். இரண்டு நர்சுகள் கதவோரம் வந்து நின்றார்கள். இருபதாவதில் டாக்டர் தாளைத் திருப்பினார், நாற்பதாவதில் கையை உதறினார்.

"நாப்பத்தொண்ணு, காட்டு ஓமம், மலையோட வடக்குச் சரிவு."

"சரிவு வேண்டாம்மா. செடி பேரு போதும்."

"சரிவு தெரியாம செடியத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? நாப்பத்திரெண்டு, அருவதா, எங்க வாசப்படி."

எழுபத்தேழும் முடிந்தது. "அந்த அரை?" என்றார் டாக்டர்.

"அதுக்குப் பேரு கிடையாது."

"பாத்தா எப்படி இருக்கும்?"

"கண்ண மூடிக்கிட்டுல்ல பறிச்சேன்."

டாக்டர் 'அரை' என்று எழுதி, எதிரே ஒரு கேள்விக்குறி போட்டார். இருபது வருடம் படித்தவர். இதற்குப் பாடம் இருந்திருக்காது.

வெலிகா அவரை அந்தச் சங்கடத்தில் அதிக நேரம் விடவில்லை. என்னைக் காரை எடுக்கச் சொல்லி வீட்டுக்குப் போய், சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த கொத்தை அப்படியே பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். "அந்த அரைதான்டி. மத்ததெல்லாம் எனக்குத் தெரியும். நாப்பது வருஷமாத் தெரியும். தெரியாதது அது ஒண்ணுதான். அதுதான் பண்ணியிருக்கு."

மருத்துவமனையின் மருந்தாளர் ஒரு வயதான அம்மாள், தாவரங்கள் படித்தவர். சிவப்பு நூலை அவிழ்த்து, அந்தச் செடியைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தார். "இது நடைபாதைக் கல்லுக்கு நடுவுல முளைக்கற புல்லு. உங்க கோழியே கொத்தும். இதால நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல" என்றார்.

பிறகு டாக்டரின் பட்டியலை வாங்கி, சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினார். பன்னிரண்டு இடத்தில் அடித்தார். முதலில் அடித்தது அருவதாவை.

"கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கறது இது. பிள்ளை சுமக்கறவளுக்கு ஆகவே ஆகாது. மாசிபத்திரியும் ஆகாது."

"அருவதா எங்கம்மா நட்டது" என்றாள் வெலிகா.

"யாரு நட்டா என்ன? அப்புறம் இந்த மஞ்சப் பூ, கந்தரியோன். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடறவ இதக் குடிச்சா மாத்திரை வேலை செய்யாம போயிடலாம்."

நானும் வெலிகாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் எங்கள் தபால்காரியின் மூன்றாவது பெண்தான் ஞாபகம் வந்தாள். இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

வார்டில் நெவேனாவின் கட்டிலில் கால்பக்கம் உயர்த்தி வைத்திருந்தார்கள். ரத்தம் குறைந்திருந்தது. வெலிகா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாதாரணமாக அவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, பணியாரம் அனுப்பத்தான் தெரியும். அங்கே பணியாரத்துக்கு வழியில்லை.

"பன்னெண்டு ஆகாததுடி. பன்னெண்டும் நான் பாத்துப் பாத்துப் போட்டது" என்றாள். "ஒம்பது குவளை. நான்தான் குடுத்தேன்."

நெவேனா போர்வையின் ஓரத்தை முறுக்கினாள். "ஒண்ணுதான்மா."

"என்ன ஒண்ணு?"

"மொத நாள் நீங்க எதிர்லயே நின்னீங்க. அன்னிக்குக் குடிச்சேன். மத்த நாள் நீங்க கோழிக்குத் தீனி போடப் போனதும் ஜெரேனியம் தொட்டில ஊத்திட்டேன்."

ஜன்னலோரத்து ஜெரேனியம் ஒரு வாரமாகத் தலை தொங்கிக்கிடந்தது. சத்துப் போதவில்லை என்று, வடிகட்டிய சக்கையையும் வெலிகாதான் அதன் அடியில் போட்டு வந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேடி. வேண்டாம்மான்னு ஒரு வார்த்தை."

"உங்ககிட்ட எப்படிம்மா சொல்றது?"

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வழி தெரியாமல் கேட்டாள்.

டாக்டரிடம் வெலிகா நேராகவே போய்க் கேட்டாள்: அந்த ஒரு குவளைதானா? அவர் பொய் சொல்லவில்லை. அதனால் என்றும் சொல்ல முடியாது, அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது, ஒன்றும் குடிக்காதவர்களுக்கும் இப்படி ஆகும் என்றார். மூட்டைக்குள் கையை விட்டால் வைக்கோல் உண்டா இல்லையா என்று சொல்லிப் பழகியவள் அவள். இரண்டும் இல்லாத ஒரு பதிலை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் நாங்கள் இருவர் மட்டும் திரும்பினோம். வெயில் இன்னும் இருந்தது. சாலையோரத்தில் கந்தரியோன் மஞ்சளாகப் பூத்துக்கிடந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மரத்தொட்டி செய்யறவன் பொண்டாட்டி" என்றாள் திடீரென்று.

"அவளுக்கென்ன?"

"அவளுக்குக் குடுத்தேன். ரெண்டு தடவை. அப்புறம் மேட்டுத் தெரு தையக்காரி. அவ தங்கச்சி. ரொட்டிக் கடைல இருந்தாளே, ஒசரமா, அவளுக்கு." விரல்விட்டு எண்ணினாள். எண்ணிக்கொண்டே போனாள். ஒவ்வொருத்திக்கும் பிறகு என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியும், பிரசவ வார்டில் நான் இருந்தேனே. பலருக்கு ஒன்றுமே ஆகவில்லை. சிலருக்கு ஆயிற்று. "ஒருத்தியும் எங்கிட்ட மாசமா இருக்கேன்னு சொல்லல. நானும் கேக்கல. அவங்க வீட்லல்லாம் ஜெரேனியம் இருந்துச்சா, ரூஸ்கா?"

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

"உனக்கும் குடுத்தேன்" என்றாள். "கல்யாணமான புதுசுல. நீ கேக்கவே இல்ல, நானாத்தான் குடுத்தேன். உன் வீட்ல இருந்துச்சா?"

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அதுவும் ஒரு என்யோவ் நாள். எனக்கு ஒன்பதாவது வாரம், என் புருஷனைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. வெலிகா கிடங்கிலிருந்து வரும் வழியில் பொட்டலத்தை நீட்டினாள். நான் நர்ஸ், படித்தவள். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்பாள், ஏன் என்றால் விஷயம் வெளியே வந்துவிடும். குடித்தேன். ஆறாம் நாள் போய்விட்டது. அதற்குப் பிறகு தங்கவில்லை. டாக்டர் மின்கோவ் சொன்னதை நான் முப்பத்தோரு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டு வருகிறேன். அதனால் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அது சரியான பதில்தான். அதை வைத்துக்கொண்டு ஒருநாளும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

"இல்ல. எங்க வீட்ல அப்ப செடியே கிடையாது. முழுசாக் குடிச்சேன்" என்றேன்.

"எத்தனாவது வாரம்?"

"ஒம்பது."

அவள் அழுதாள். எனக்கு அவளைத் தேற்றத் தோன்றவில்லை. உள்ளபடியே சொல்கிறேன், அழட்டும் என்றுதான் இருந்தது. ஊர் வந்ததும் அவளை அவள் வாசலில் இறக்கிவிட்டு, என் வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

நெவேனாவை இரண்டு வாரம் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். பிள்ளை நின்றது. பிப்ரவரியில் பெண் குழந்தை, மூன்று கிலோ இருநூறு, நான்தான் எடுத்தேன். அதற்குள் வெலிகா பரணிலிருந்த 'பெண்களுக்கு' பொட்டலங்கள் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டாள். வாசல் அருவதாவை மட்டும் பிடுங்கவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அட்டை கட்டியிருக்கிறாள். 'தொடாதே' என்று எழுதியிருக்கிறது, அதே ஊதா மையில்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஜூலையைப் பற்றி. காரில் வந்த நாளுக்குப் பிறகு பத்து நாள் அவளோடு நான் பேசவில்லை. பணியாரம் வந்தது, தட்டை அப்படியே வேலிமேல் திருப்பி வைத்தேன். பதினோராம் நாள் எனக்குச் சளி பிடித்து இருமிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வெலிகா வந்து நின்றாள். ஒரு கையில் காட்டு ஓமப் பொட்டலம், இன்னொரு கையில் கோடு போட்ட புது நோட்டு, காதில் பென்சில்.

"ரூஸ்கா. குடுக்கறதுக்கு முன்னாடி கேக்கணும்."

"கேளு."

"வயசு?"

"உனக்குத் தெரியாதா?"

"வாயால சொல்லு."

"அம்பத்தொம்பது."

"ரத்த அழுத்தம்?"

"உன்னப் பாத்தா ஏறும்."

எழுதினாள். மாத்திரைகளைக் கேட்டாள். ஈரலைக் கேட்டாள். எல்லாவற்றையும் எழுதி முடித்து, பென்சிலை அப்படியே பிடித்துக்கொண்டு, என்னை நேராகப் பார்க்காமல் நோட்டையே பார்த்துக் கேட்டாள்.

"மாசமா இருக்கியா?"

தெருவில் போன யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். நான் சிரிக்கவில்லை. முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது, இப்போதாவது கேட்டாள்.

"இல்ல, வெலிகா" என்றேன்.

அவள் அதையும் எழுதிக்கொண்டு, பொட்டலத்தை வேலிக்கு மேலாக நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது என் பெயர்.